சிவப்புக் கோட்டிலிருந்து 400 மீட்டர்: எரிமலை அபாய வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

வேலை மாற்றலாகி ஓர் எரிமலையின் அடிவாரத்து ஊருக்குப் போகப் போகிறீர்கள். பார்த்து வைத்திருக்கும் வீடு அந்த மலையின் அபாய வரைபடத்தில் மஞ்சள் மண்டலத்தில் வருகிறது, சிவப்பு மண்டலத்தின் கோடு 400 மீட்டர் தள்ளிப் போகிறது. இந்தக் கோட்டை எதை வைத்துப் போடுகிறார்கள், மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதாதா, ஏன் இத்தனை கோணல்மாணலாகப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வரைகிற விதத்தைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது அந்த 400 மீட்டரை நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்பதுதான் என்று நினைக்கிறேன். எந்த மலை என்று நீங்கள் சொல்லாததால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். நான் படித்தது நிலவியல். பல வருடங்களாகச் செய்துவருவது பழைய எரிமலைப் படிவுகளைத் தோண்டிப் பார்த்து வரைபடமாக்குவது, அப்புறம் கணினியில் ஓட்ட மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பது. நில அதிர்வு, வாயு அளவீடு பக்கம் நான் வேலை செய்தவன் இல்லை, அதனால் மலை எப்போது வெடிக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எங்கே வரை எது வரும் என்பதைப் பற்றித்தான் என்னால் பேச முடியும்.

வட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது எங்கே ஏமாற்றும் என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்று ஒரு மலை, 5,300 மீட்டர் உயரம், உச்சியில் நிரந்தரப் பனி. 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது. எரிமலைகளின் கணக்கில் அது பெரிய வெடிப்பே இல்லை. ஆனால் வெளியே வந்த கொதிக்கும் சாம்பலும் கல்லும் உச்சிப் பனியில் பத்தில் ஒரு பங்கை உருக்கிவிட்டன. அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்குகளில் இறங்கும்போதே கரையையும் படுகையையும் அரித்துச் சேர்த்துக்கொண்டு, கிளம்பிய அளவைப் போல நான்கு மடங்கு வரை பெருத்து, சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஆற்று வழியாக 74 கி.மீ. கடந்து அர்மேரோ என்ற ஊரை மூடியது. அன்று எல்லா இடங்களிலும் சேர்த்து 23,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அர்மேரோ நேர்கோட்டில் பார்த்தாலும் மலைவாயிலிருந்து, அதாவது வெடிப்பு வெளியே வரும் துளையிலிருந்து, 45 கி.மீ.க்கு மேல். அந்த ஊர் உள்ளே வரும்படி வட்டம் போட வேண்டுமென்றால் 6,000 சதுர கி.மீ.க்கு மேல் வளைக்க வேண்டும், அதில் பெரும்பகுதியில் அன்றிரவு ஒன்றுமே நடக்கவில்லை. 10 கி.மீ. வட்டம் போட்டிருந்தால் அர்மேரோ 'பாதுகாப்பான' இடம். கொடுமை என்னவென்றால், அதற்கு முந்தைய மாதம் வெளியான அபாய வரைபடத்தில் அர்மேரோ சேற்று வெள்ளத்தின் பாதையில்தான் குறிக்கப்பட்டிருந்தது. 1595-லும் 1845-லும் அதே வழியில் வந்திருக்கிறது, ஊரே 1845-இன் சேற்றுப் படிவின் மேல்தான் எழும்பியிருந்தது. வரைபடம் சரியாக இருந்தும் மக்களை அப்புறப்படுத்தும் வேலை நடக்கவில்லை.

எரிமலை என்பது ஒரே ஆபத்து இல்லை. ஒரே மலையிலிருந்து ஐந்தாறு ஆபத்துகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. வெடிப்பில் தூக்கி எறியப்படும் கற்களுக்கு வட்டம் ஓரளவு பொருந்தும், பெரும்பாலும் வாயிலிருந்து நான்கைந்து கி.மீ.க்குள் விழுந்துவிடும். ஜப்பானின் ஒன்டாகே மலையில் 2014 செப்டம்பர் 27 அன்று இறந்த, காணாமல்போன 63 பேரும் உச்சியை ஒட்டி நடந்துகொண்டிருந்த மலையேறிகள். அன்று அந்த மலையின் எச்சரிக்கை நிலை 1, அதாவது இருப்பதிலேயே குறைந்தது. சாம்பல் பொழிவுக்கு வட்டம் உதவாது, அது காற்று போகிற பக்கம் நீளும், அதனால் அதன் வரைபடம் நீள்வட்டமாக, பருவத்துக்குப் பருவம் திசை மாறிப்போகும். எரிமலைக் குழம்பு சரிவைப் பார்த்து இறங்கும், பெரும்பாலும் மனிதன் நடந்தே தப்பிக்கிற வேகத்தில். ஆனால் அது உச்சியிலிருந்துதான் வரும் என்று எழுதி வைத்துக்கொள்ள முடியாது. காங்கோவின் நியிராகோங்கோவில் 2002-இல் மலையின் தெற்குச் சரிவில் பிளவுகள் திறந்து, குழம்பு கோமா நகரத்துக்குள் புகுந்து கிவு ஏரிவரை போனது. 2021-இல் லா பால்மா தீவில் திறந்த வாய் அதற்கு முன் அங்கே இருந்ததே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் குழம்பு எந்த வழியாக ஓடும் என்பதற்கு முன்னால், எங்கே திறக்கும் என்பதற்கே ஒரு நிகழ்தகவு வரைபடம் போட வேண்டியிருக்கிறது.

ஆளைக் கொல்வதில் முன்னால் நிற்பவை வேறு இரண்டு. ஒன்று, பைரோகிளாஸ்டிக் ஓட்டம்: சூடான வாயு, சாம்பல், கல் எல்லாம் கலந்து தரையை ஒட்டிப் பாய்வது, பல நூறு டிகிரி வெப்பம், மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் சாதாரணமாகப் போகும். 1902 மே 8 அன்று கரீபியன் கடலின் மார்டினிக் தீவில் செயின்ட் பியர் நகரத்தின் ஏறத்தாழ 28,000 பேரை நிமிடங்களில் கொன்றது இதுதான். இதன் கனமான அடிப்பகுதி பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு போகும். மேலே இருக்கும் இலேசான சாம்பல் மேகம் பள்ளத்தாக்கை மதிக்காது, வளைவில் நேராகப் போய் மேட்டில் ஏறிவிடும். 1883 கிரகடோவா வெடிப்பில் அப்படிப்பட்ட மேகம் கடலைத் தாண்டி 40 கி.மீ. அப்பால் சுமத்ரா கரையில் ஏறி மக்களைச் சுட்டெரித்தது. இன்னொன்று லஹார், அர்மேரோவை மூடிய அந்தச் சேற்று வெள்ளம். கலவை இயந்திரத்திலிருந்து கொட்டுகிற ஈரக் காங்கிரீட் ஓர் ஆறு நிறைய வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதில் வீட்டளவு பாறைகளும் மிதந்து வரும். இதற்கு வெடிப்புகூடத் தேவையில்லை. நிகரகுவாவின் காசிட்டா மலையில் 1998-இல் மிட்ச் சூறாவளியின் மழையில் ஒரு பக்கம் சரிந்து, லஹாராகி 2,000 பேர் அளவில் பலிவாங்கியது, வெடிப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. உங்கள் வரைபடத்தின் கோணல்மாணலுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம். விரல் விரலாக நீண்டிருக்கிற சிவப்பு எல்லாம் ஆற்றுப் பள்ளத்தாக்குகளாக இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு தூரம் வரும் என்று எப்படித் தெரியும்? முதல் வழி, மலை இதற்கு முன் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பது. சாலைக்காக வெட்டிய மேடு, ஆறு அறுத்த கரை, கல் குவாரி, எது கிடைத்தாலும் அதன் முன் போய் நிற்போம். மண்வெட்டியால் மேல்பரப்பைச் சுரண்டிச் செங்குத்தாகச் சீவிவிட்டால் உள்ளே அடுக்குகள் தெரியும். வானத்திலிருந்து விழுந்த சாம்பல் மேடு பள்ளம் பாராமல் ஒரே தடிமனில் படிந்திருக்கும், துகள்களும் ஓரளவு ஒரே அளவில் இருக்கும். பைரோகிளாஸ்டிக் ஓட்டத்தின் படிவு பள்ளத்தில் தடித்தும் மேட்டில் மெலிந்தும் கிடக்கும். தூள், கூழாங்கல், பாறாங்கல் எல்லாம் தரம் பிரிக்காமல் கலந்திருக்கும், நடுவே கரியாகிப்போன மரத்துண்டு ஒன்று இருந்தால் எங்களுக்கு அன்று கொண்டாட்டம், ஏனென்றால் அதைக் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பலாம், ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை வயது கிடைக்கும். லஹார் படிவு காய்ந்து இறுகி மண்வெட்டியை எதிர்க்கும், கற்கள் உருண்டிருக்கும், நடுவே காற்று அடைபட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும், மரம் இருந்தாலும் பெரும்பாலும் கரியாகாமல் இருக்கும். இந்த அடுக்குகளுக்கு இடையே பழுப்பு நிறத்தில் வேர்த்தடங்களோடு ஒரு பட்டை வரும், அது பழைய மேல்மண். மலை சும்மா இருந்த காலத்தின் அடையாளம். சாம்பலடுக்கு எத்தனை சென்டிமீட்டர், அதில் கிடைத்த பெரிய கற்களின் அளவு என்ன என்று இடம் இடமாகக் குறித்துக்கொண்டே போனால், அந்த வெடிப்பில் சாம்பல் தூண் எவ்வளவு உயரம் எழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுகூட வெளியே வந்துவிடும். மழையில் சகதியில் நின்றுகொண்டு அளவுநாடா பிடிக்கிற வேலை, வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இந்த முறையில் உறுதியானது எது என்றால், படிவு இருக்கிற இடத்துக்கு ஆபத்து வந்திருக்கிறது என்பது. அதில் சந்தேகமே கிடையாது, வந்தது இன்னொரு தடவை வரலாம். படிவு இல்லாத இடத்துக்கு வரவில்லை என்று சொல்வதுதான் சிக்கல். பைரோகிளாஸ்டிக் ஓட்டத்தின் மேலே வரும் அந்த இலேசான சாம்பல் மேகம் ஆளையும் மரத்தையும் கொன்றுவிட்டு, விளிம்பில் சில சென்டிமீட்டர் படிவை மட்டும் விட்டுப் போகும். சில மழைக்காலம், நான்கு எறும்புப்புற்று, ஓர் உழவு, அவ்வளவுதான், அடையாளம் காணாமல் போய்விடும். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையைப் பற்றி 1978-லேயே இரண்டு நிலவியலாளர்கள், கிராண்டெல், முல்லினோ என்பவர்கள், இந்த நூற்றாண்டு முடிவதற்குள்கூட இது வெடிக்கலாம் என்று அபாய மதிப்பீட்டோடு எழுதி வைத்தார்கள். 1980 மே 18-இல் வெடித்தது. லஹார் பாதைகள், சாம்பல் போகும் திசை எல்லாம் ஏறத்தாழ அவர்கள் சொன்னபடிதான். ஆனால் மலையின் வடபக்கம் முழுதாகச் சரிந்து, வெடிப்பு பக்கவாட்டில் கிளம்பி, ஏறத்தாழ 600 சதுர கி.மீ. காட்டைப் படுக்கவைத்தது. அந்த மலையில் முன்பு கண்டுபிடித்திருந்த பக்கவாட்டு வெடிப்பின் படிவு அதைவிட ரொம்பச் சின்னது. இறந்த 57 பேரில் மிகப் பெரும்பாலோர் தடைசெய்யப்பட்ட பகுதிக்கு வெளியே இருந்தவர்கள். அந்த இரண்டு பேரும் வேலையில் குறை வைத்ததாக நான் நினைக்கவில்லை. மலையின் பழைய பதிவேட்டில் இல்லாத பக்கத்தை யாராலும் படிக்க முடியாது.

அந்தக் குறையை நிரப்பத்தான் இரண்டாவது வழி, கணக்கு. பைரோகிளாஸ்டிக் ஓட்டத்துக்கு ரொம்ப எளிய ஒரு முறை உண்டு. எத்தனை உயரம் இறங்கியது, அதற்குள் எவ்வளவு தூரம் போனது என்று பழைய ஓட்டங்களில் அளந்து, உயரத்தைத் தூரத்தால் வகுத்து ஒரு விகிதம் எடுத்துக்கொள்வது. பிறகு உச்சியிலிருந்து அந்தச் சரிவில் ஒரு கூம்பைக் கற்பனையாக இறக்கினால், அது தரையை வெட்டுகிற இடம்தான் ஓட்டத்தின் எல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? 2,000 மீட்டர் இறக்கம் உள்ள மலையில் விகிதம் 0.25 என்று வைத்தால் எல்லை 8 கி.மீ. அதையே 0.2 என்று வைத்தால் 10 கி.மீ. இரண்டு எண்ணுமே ஏற்கத்தக்கவை, பெரிய ஓட்டங்களுக்கு இன்னும் குறைவாகவும் போகும். இரண்டாவது தசம இடத்தில் ஐந்தைத் தட்டுவதா விடுவதா என்பதில் உங்கள் கோடு 2 கி.மீ. நகர்கிறது, மண்டலத்தின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. உங்கள் 400 மீட்டரை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லஹாருக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1998-இல் ஒரு வழி கொடுத்தார்கள், இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஒன்பது எரிமலைகளின் 27 லஹார்களை அளந்து இரண்டு உறவுகளைக் கண்டுபிடித்தார்கள்: லஹாரின் கன அளவு தெரிந்தால், அது பள்ளத்தாக்கை எவ்வளவு உயரம் நிரப்பும் என்பதற்கான குறுக்குவெட்டுப் பரப்பும், மொத்தத்தில் எவ்வளவு நிலத்தை மூடும் என்பதும் கிடைத்துவிடும். 10 லட்சம் கன மீட்டர் சேறு என்றால் குறுக்குவெட்டு 500 சதுர மீட்டர், மூடும் நிலம் 2 சதுர கி.மீ. கன அளவு எட்டு மடங்கானால் இவை இரண்டும் நான்கு மடங்காகும், 2,000 சதுர மீட்டர், 8 சதுர கி.மீ. இதன் அழகு, சேற்றின் பிசுபிசுப்பு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று தெரியாத பத்து விஷயங்களை ஊகிக்க வேண்டியதில்லை, ஒன்றே ஒன்றை ஊகித்தால் போதும். ஆனால் அந்த ஒன்று, அடுத்த லஹாரின் கன அளவு, யாருக்குமே தெரியாது. அதனால்தான் ஒழுங்காகச் செய்தவர்கள் ஒரே எண்ணை வைக்காமல் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று நான்கு அளவுகளுக்கு ஓட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக வண்ணம் தீட்டுவார்கள். உங்கள் வரைபடத்தில் பள்ளத்தாக்குகளில் மூன்று வண்ணங்கள் அடுக்காகத் தெரிந்தால் அது இதுதான். மஞ்சள் என்றால் பெரிய லஹார் வந்தால் மட்டும் நனையும் இடம் என்று அர்த்தம், வராது என்று அர்த்தமில்லை.

இன்னொரு தலைவலி, வெளியே யாரும் பேசாதது: கணினிக்குக் கொடுக்கிற நிலத்தின் உயரத் தரவு. இலவசமாகக் கிடைப்பதில் அதிகம் புழங்குகிற ஒன்று 2000-ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது, 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம். 15 மீட்டர் அகலமுள்ள ஆழமான ஓடை அதில் இருக்கவே இருக்காது, அடர்ந்த காடு இருந்தால் மரத்தின் தலையைத் தரை என்று காட்டும். விமானத்திலிருந்து லேசரால் எடுத்த தரவு ஒரு மீட்டர் துல்லியம் வரை தரும். அதிலும் வேறு வேடிக்கை: ஆற்றின் மேல் போகும் பாலத்தை நீக்காமல் விட்டால் கணினிக்கு அது ஓர் அணைக்கட்டு, லஹார் அங்கே போய் நின்று இரண்டு பக்கமும் பரவி, பாலத்தைத் தாண்டி ஆற்றின் போக்கில் கீழே இருக்கிற ஊர் முழுக்கப் பச்சையாகி, ஆபத்தில்லாத இடம் போலத் தெரியும். இதையெல்லாம் உட்கார்ந்து கையால் திருத்த வேண்டும். புதிதாக ஒரு வரைபடம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பாலங்களைத்தான், கோடு அங்கே திடீரென்று அகலமாகி நின்றால் யாரோ அவசரத்தில் செய்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, கோட்டை முடிவுசெய்வது முழுக்க அறிவியல் இல்லை. எந்த அளவு வெடிப்புக்கு வரைவது என்று யாராவது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வெசுவியஸை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்பெய்யை மூடிய கி.பி. 79 வெடிப்பு எல்லோருக்கும் தெரியும், ஆனால் இத்தாலிய அரசின் திட்டம் அதைவிடச் சிறிய, 1631-இல் நடந்தது போன்ற வெடிப்பை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. அதற்கே சிவப்பு மண்டலத்தில் 25 நகராட்சிகள், ஏறத்தாழ 7 லட்சம் பேர். மிகப் பெரியதற்குத் திட்டமிட்டால் அப்புறப்படுத்த முடியாத அளவுக்கு எண்ணிக்கை போய்விடும், அதனால் வரக்கூடியவற்றில் ஓரளவு வாய்ப்பு அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு இப்படி ஒரு தேர்வு நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஹவாய் தீவில் வேறு விதம். அங்கே குழம்பு ஓட்டத்துக்கு 1 முதல் 9 வரை மண்டலங்கள். மண்டலம் 1-இல் 1800-க்குப் பிறகு கால்வாசிக்கு மேல் நிலம் குழம்பால் மூடப்பட்டிருக்கிறது, கடந்த 750 ஆண்டுகளில் 65 சதவீதத்துக்கு மேல். 2018-இல் நூற்றுக்கணக்கான வீடுகளை இழந்த லெய்லானி எஸ்டேட்ஸ் பகுதி அந்த மண்டலம் 1-இல்தான் இருக்கிறது. எது வரைக்கும் எட்டும் என்று சொல்லாமல் எத்தனை தடவை எட்டியிருக்கிறது என்று சொல்கிற வரைபடம் இது, வீடு வாங்குபவருக்கு இந்த மாதிரிதான் உபயோகம் என்பது என் அபிப்பிராயம். வண்ணம் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு நாட்டு வரைபடங்கள் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம், அதனால் ஓரத்தில் இருக்கும் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் வண்ணத்தை ஒப்பிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மலைச்சரிவிலோ சமதளத்திலோ 400 மீட்டர் என்பது பைரோகிளாஸ்டிக் ஓட்டத்தைப் பொறுத்தவரை தூரமே இல்லை. கோட்டின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹவாய் மண்டலங்களைப் போட்டவர்களே எல்லைகள் தோராயமானவை, ஆபத்து ஒரு மைல் அல்லது அதற்கும் மேற்பட்ட தூரத்தில் படிப்படியாகத்தான் மாறுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் சிவப்பில் இருப்பதாகவே நினைத்து, வெளியேறச் சொன்னால் முதல் ஆளாகக் கிளம்புங்கள். ஆனால் அந்தச் சிவப்புக் கோடு லஹாருக்காகப் போட்டது, உங்கள் வீடு ஆற்றுப்படுகையிலிருந்து 400 மீட்டர் தள்ளி 60, 70 மீட்டர் உயரமான மேட்டில் இருக்கிறது என்றால் கதை வேறு, அது நிஜமான பாதுகாப்பு. அதே 400 மீட்டர், ஆற்றின் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் என்றால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே கிடைத்தூரத்தை விட்டுவிட்டு செங்குத்து உயரத்தைப் பாருங்கள், மலைவாய்க்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முகடு குறுக்கே நிற்கிறதா, பக்கத்து ஆறு எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது, அந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பு மலைவாயில் போய் முடிகிறதா என்று பாருங்கள். சாம்பலைப் பொறுத்தவரை மஞ்சளோ சிவப்போ பெரிய வித்தியாசம் இல்லை, கூரைதான் விஷயம். காய்ந்த சாம்பல் 10 சென்டிமீட்டர் படிந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவில் எடை வரும், மழையில் நனைந்தால் இரட்டிப்பாகவும் ஆகலாம். பிலிப்பைன்ஸின் பினட்டுபோ மலை 1991-இல் வெடித்த அன்றே புயலும் வந்தது, அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் ஈரச் சாம்பலின் எடையில் கூரை இடிந்து இறந்தவர்கள். தட்டையான, அகலமான கூரையை விடச் செங்குத்தான சின்னக் கூரை நல்லது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் பார்ப்பது நீண்டகால அபாய வரைபடம். மலை குமுற ஆரம்பித்தவுடன் அதிகாரிகள் போடும் தடைப்பகுதி வேறு, அங்கே வட்டம் திரும்ப வந்துவிடும், ஏனென்றால் நடுராத்திரியில் ஒலிபெருக்கியில் '20 கி.மீ.க்கு வெளியே போங்கள்' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். இந்தோனேசியாவின் மெராபியில் 2010-இல் தடைப்பகுதியை 10 கி.மீ. என்று தொடங்கி 15, பிறகு நவம்பர் 5 அதிகாலையில் 20 கி.மீ. என்று நீட்டினார்கள். அந்த அதிகாலை ஓட்டம் கெண்டோல் ஆற்று வழியில் 15 கி.மீ.யையும் தாண்டி வந்தது, முந்தைய பல பத்தாண்டுகளாக அங்கே நடந்த வெடிப்புகளை வைத்து யாரும் எதிர்பார்க்காத தூரம். அந்த வெடிப்புகளில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள், வட்டத்தை நீட்டியிராவிட்டால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். மாறாக, கரீபியன் தீவான மொன்செராட்டில் 1997 ஜூன் 25 அன்று இறந்த 19 பேர் ஏற்கெனவே மூடப்பட்டிருந்த பகுதிக்குள் இருந்தவர்கள், பயிரைப் பார்க்கவும் ஆடுமாட்டைப் பார்க்கவும் திரும்பப் போனவர்களும் அவர்களில் உண்டு. அதே மொன்செராட்டில் பிற்பாடு நடந்த ஓர் ஆய்வில் சமஉயரக் கோட்டு வரைபடத்தை விட, மலையைச் சாய்வாகக் காட்டும் படத்திலும் வான்படத்திலும் மக்கள் தங்கள் வீட்டைச் சுலபமாக அடையாளம் கண்டார்கள். உங்களுக்கும் கோடுகள் குழப்பினால், கணினியில் முப்பரிமாணக் காட்சியில் மலைவாயில் போய் நின்றுகொண்டு உங்கள் வீட்டைத் திரும்பிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

கடைசியாக, வரைபடத்தின் மூலையில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பினட்டுபோவுக்கு 1991 மே மாதம், வெடிப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, பழைய படிவுகளை அவசரமாகப் பார்த்து ஒரு வரைபடம் போட்டார்கள். ஜூன் 15-இன் பைரோகிளாஸ்டிக் ஓட்டங்கள் ஏறத்தாழ அதற்குள்ளேயே அடங்கின, ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள், இந்தத் துறையில் இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்த ஒரே நாளில் சில பள்ளத்தாக்குகள் 200 மீட்டர் ஆழம் வரை சாம்பலால் நிரம்பிவிட்டன, ஆறுகள் வேறு வழி தேட ஆரம்பித்தன, மழைக்கு மழை லஹார் வந்துகொண்டே இருந்தது. பகோலோர் ஊரின் தேவாலயத்தில் பாதி உயரம், சுமார் 6 மீட்டர், சேற்றில் புதைந்தது வெடிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1995-இல். வெடிப்புக்கு முன் போட்ட லஹார் கோடுகளை நம்பி அங்கே யாரும் உட்கார முடியாது, நிலத்தின் உருவமே மாறிவிட்டதால் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. உங்கள் வரைபடம் அந்த மலையின் கடைசி வெடிப்புக்கு முந்தையது என்றால் ஆற்றை ஒட்டிய கோடுகளை முதலில் சந்தேகியுங்கள், புதிய பதிப்பு இருக்கிறதா என்று அந்நாட்டு நிலவியல் துறையிடம் கேளுங்கள். மேட்டு நிலத்துக் கோடுகள் அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை.